பொருள் கூறுக

திருமங்கலம் கோர்ட்டில் அன்று கரண்ட் இல்லை.
கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் பழைய மெஷினை இறக்கினேன்.
வெள்ளைத் தாள் மூன்று, கார்பன் இரண்டு.

கூண்டில் ஒச்சம்மாள். பருத்தி எடுக்கிறவள்.
குற்றம்: முத்தாலம்மன் பொங்கலன்று
பொது இடத்தில், மைக் வைத்து, ஆபாசப் பாட்டு.
புகார்தாரர் ஜின்னிங் மில் ரத்தினசபாபதி.
மூட்டுவலி. உடம்பையெல்லாம் ஒரு காலில் இறக்கி
முன்வரிசையில் நின்றிருந்தார்.

அரசு வக்கீல் பாட்டைப் படித்தார்,
ரேஷன் கடை இருப்பு வாசிப்பதுபோல:

ஒத்தக் கால்ல நிக்குது கொக்கு
எடைக்கல்லுக்கு வயித்து வலி
பேக்கரிக்காரன் பன்னு மெத்து
பாதி ராத்திரி ஆளு வரிசை

கொக்கு என்றால் யார்?
"கொக்குங்கய்யா. வெள்ளையா இருக்கும்."
எடைக்கல்லுக்கு எப்படி வயிற்று வலி வரும்?
"அது என்னத்தத் தின்னுச்சோ."
பன்?

கோர்ட் மொத்தமும் இருமியது.
ஏட்டு தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ தேடினார்.

"பன்னுன்னா பன்னுதான். டீயில முக்கித் திங்கிறது."
அடித்தேன்: பன், தேநீரில் நனைத்து உண்ணும் பண்டம்.
நான் அடித்ததிலேயே பிழையில்லாத பொய் அது,
மூன்று பிரதி.

வக்கீல் இன்னாசி எழுந்தார்.
போனில் எந்நேரமும் ப்ளூஸ் கேட்கிறவர்.
"அம்மா, கடலுக்கு அந்தப் பக்கமும்
பருத்திக் காட்டில் பாடியிருக்கிறார்கள்.
அந்தப் பாட்டில் சவாரிக்காரன் வந்தால்
குதிரையைத் தேடக் கூடாது.
ஜாம் தடவிச் சுருட்டிய கேக் இருக்கிறதென்று ஒருத்தி பாடினால்
யாரும் தட்டெடுத்துக்கொண்டு போவதில்லை.
மோஜோ என்பார்கள். வேர் முடிந்த துணிப்பை."

"தாயத்தா?" நீதிபதி நிமிர்ந்தார்.

"கிட்டத்தட்ட. எந்தக் கரையில் பிறந்த சொல்
என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.
சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றியபோது
கையைச் சோதித்தார்கள், இடுப்பைச் சோதித்தார்கள்.
நாக்குக்கு அடியில் யாரும் பார்க்கவில்லை."

"இதற்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்?"
"பருத்தி, அம்மா."
பதிவில் ஏற்ற வேண்டாம் என்றார்கள். ஏற்றவில்லை.

எனக்குத் தெரியாததா?
சிரஸ்தார் வருகிறார் என்றால்
"பால் பொங்குது" என்போம் நாங்கள்,
அடுப்பே இல்லாத அறையில்.
முதலில் சொன்னவள் மாற்றலாகி
மேலூர் போய்விட்டாள். பால் இங்கே நின்றுவிட்டது.

பிறகு இன்னாசி ரத்தினசபாபதி பக்கம் திரும்பினார்,
ரொம்ப மெதுவாக.
"கொக்கு நீங்கள்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"
"ஊரே சொல்லுதே."
"சரி, கொக்கு நீங்கள். அடுத்த வரிக்கு வருவோம்.
கல்லுக்கு என்ன நோவு?"

காலை மாற்றி நின்றார்.
தண்ணீர் கேட்டார். குடித்தார்.
செம்பை வைக்க இடம் தேடினார்.
வாய்தா, மூன்று வாரம்.
அப்புறம் அவருக்குக் காய்ச்சல், வாய்தா.
மகளுக்கு நிச்சயதார்த்தம், வாய்தா.
ஏழு தடவை ஒச்சம்மாள்
கூலியை விட்டுவிட்டு வந்து
வேப்பமரத்தடியில் குந்தியிருந்து போனாள்.
எட்டாம் தடவை புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

மாசியில் பேரையூர் பஸ்.
கரிசலில் சுளை வெடித்துக் கிடந்தது.
ரோட்டோரம் மடி கட்டிய பெண்கள்.
டிரைவர் மாட்டு வண்டிக்கு ஒதுங்கிய நேரம்
ஜன்னல் வழியே நாலு வரி விழுந்தது:

வரேன்னு சொன்னவன் வாய்தா
வந்து நின்னா முகத்தப் பாத்தா
சாமத்துல தொறந்து வச்ச
கதவுக்கும் இப்ப வாய்தா

பாடியது அவளில்லை.
பதினெட்டு வயசுகூட இருக்காது,
கோர்ட் வாசலை மிதித்திருக்க மாட்டாள்.
சுற்றி இருந்தவளுக எல்லாம்
குனிந்தபடியே சிரித்தார்கள்.

கல்லுப்பட்டியில் டீக்கு இறங்கினேன்.
"பன்னு வைக்கட்டா அக்கா?"
டீ மட்டும் என்றேன், வேறு பக்கம் பார்த்து.
பாவம், அந்தப் பையன் கையில்
வெறும் பன்தான் இருந்தது.